அண்ணாச்சியின் அறுநூறு கிராம்

"தூக்கிப் பாருடே" என்றார் அண்ணாச்சி.

தூக்கினேன். நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கியவன்போல ஒரு தள்ளாட்டம். அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததே, மூத்தவன் கல்லூரியில் சேர்ந்த அன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அறுநூறு கிராம்! பழசு என்ன எடை தெரியுமா? ரெண்டு கிலோ நானூறு. இத்தன வருசம் கழுதையா இருந்திருக்கோம், பாத்துக்கோ."

'இருந்திருக்கோம்' என்று என்னையும் கூடச் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மையை முதலில் குறித்துவிடுகிறேன். பழைய முதுகுப்பைக்கும் புதியதற்கும் வித்தியாசம் 1,800 கிராம். விலை 380 டாலர். கணக்குப் போட்டால், குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் 21 சென்ட். ஊர் உலகத்தில் எல்லோரும் இருப்பதை வாங்கத்தான் காசு கொடுக்கிறார்கள். இல்லாததை கிராம் கணக்கில் நிறுத்து வாங்கிய முதல் பாளையங்கோட்டைக்காரர் எங்கள் அண்ணாச்சியாகத்தான் இருப்பார்.

அவர் நடப்பது ஏதோ பூங்காவைச் சுற்றிப் போடப்பட்ட பாதையில் அல்ல. அப்பலாச்சியன் டிரெயிலில். ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் புறப்பட்டு, 14 மாநிலங்களைத் தாண்டி, மெய்ன் மாநிலத்தின் கடாடின் உச்சியில் முடிகிற காட்டுவழி அது. நீளம் ஏறத்தாழ 3,500 கி.மீ. ஒரே பருவத்தில் முழுவதையும் நடப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் நியூ ஜெர்சிக்குள் அந்தப் பாதை சுமார் 115 கி.மீ. ஓடுகிறது. அதில் அண்ணாச்சி இதுவரை நடந்திருப்பது 31 கி.மீ. மீதியை நடப்பதற்கான ஆயத்தம் ஏழாவது ஆண்டாகச் செவ்வனே நடந்துவருகிறது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர் அல்லர் அவர்.

எடிசனில் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இதற்கென்றே ஓர் அறை உண்டு. சுவரில் வரிசையாக ஐந்து பைகள். ஒன்றிலாவது சேறு உண்டா? கிழிசல் உண்டா? தோள்பட்டையில் வியர்வை உப்புத்தான் பூத்திருக்கிறதா? துடைத்துத் துடைத்துப் புதுப்பெண்ணைப்போல நிறுத்தியிருக்கிறார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தபோது அவ்வைக்கு எவ்வளவு பூரிப்பு இருந்திருக்குமோ அவ்வளவு எனக்கும் இருந்தது. அந்தச் சமயத்தில் என் பை ஜிப் பிய்ந்து, அடிப்பக்கம் பாறையில் தேய்ந்து, ஓக் ட்ரீ சாலைத் தையற்கடையில் கிடந்தது. சொல்லவே கூச்சமாக இருந்தது.

பையின் துணியும் லேசுப்பட்டதல்ல. 1992-இல் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியில் வென்ற 'அமெரிக்கா க்யூப்' என்ற படகின் பெயரால் 'கியூபன் ஃபைபர்' என்று அழைக்கப்பட்ட துணி அது. பாய்களுக்காக வந்தது. கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும், இழுத்தால் கிழியாது, தண்ணீர் குடிக்காது. இப்போது டைனீமா என்ற பெயரில் முதுகுப்பைக்கும் கூடாரத்துக்கும் வருகிறது. கடற்காற்றைப் பிடிக்கப் பிறந்த ஜாதி, எடிசன் பேஸ்மென்ட்டில் ஏசிக் காற்றைப் பிடித்தபடி தொங்குகிறது. யாருக்கு எங்கே வாழ்வு என்று யார் கண்டார்!

மதினி கேக்குக்கு மாவு நிறுக்க வாங்கிய எலெக்ட்ரானிக் தராசு அந்த அறைக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அண்ணாச்சி பாதியில் அறுத்தார்: 9 கிராம் மிச்சம். சட்டைக் காலரில் தைத்திருந்த சலவைக்குறிப்பை வெட்டி எறிந்தார்: 1 கிராம். வரைபடத்தின் ஓரத்து வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்தார்: 4 கிராம். "பதினாலு கிராம்டே" என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது. ராமபிரான் பதினாலு வருடம் காட்டுக்குப் போனதைச் சொல்லும்போதுகூட எங்கள் ஊர்க் கதாகாலட்சேபக்காரருக்கு அப்படித் தழுதழுத்ததில்லை.

இதெல்லாம் மனம்போனபடி செய்கிற காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. சாத்திரம் இருக்கிறது. பையும் உள்ளே உள்ள சாமானும் சேர்ந்து 20 பவுண்டுக்கு, அதாவது சுமார் 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் 'லைட்வெயிட்'. 10 பவுண்டுக்குக் கீழே, நாலரைக் கிலோவுக்கு வந்தால் 'அல்ட்ராலைட்'. அதிலும் பாதியானால் 'சூப்பர் அல்ட்ராலைட்'. சாலோகம், சாமீபம், சாரூபம் என்று ஏறிப் போகிற மாதிரி. இந்த எடைக்கு 'பேஸ் வெயிட்' என்று பெயர். இதில் சோறு சேராது. தண்ணீர் சேராது. அடுப்பின் எரிபொருள் சேராது. உடம்பில் போட்டிருப்பதும் காலில் மாட்டியிருப்பதும் சேரா. காரணம் நியாயமானதுதான்: சோறும் தண்ணீரும் நாளுக்கு நாள் கூடிக் குறையும், ஒருவர் மூட்டையை இன்னொருவர் மூட்டையோடு ஒப்பிட மாறாத கணக்கு ஒன்று வேண்டும். நகைக்கடையில் செய்கூலியையும் சேதாரத்தையும் விட்டுவிட்டு கிராம் விலையை மட்டும் பலகையில் எழுதிப்போடுகிறார்களே, அதே ஒழுங்கு.

அண்ணாச்சி சாத்திரத்தைக் கற்றதோடு நிற்கவில்லை, உரையும் கண்டார். உடுத்தியிருப்பது கணக்கில் சேராது என்றால், பாக்கெட்டில் இருப்பது உடுத்தியதுதானே? ஆறு பாக்கெட் வைத்த கால்சட்டை ஒன்று வந்தது. கத்தி, டார்ச், போன், தண்ணீர் வடிகட்டி, கடலைமிட்டாய்ப் பொட்டலம் எல்லாம் பையிலிருந்து இறங்கிப் பாக்கெட்டில் ஏறின. பை இளைத்தது. நடக்கும்போது இரண்டு தொடையிலும் தேங்காயைக் கட்டிவிட்டது மாதிரி ஆடும். ஆடினால் என்ன, அவர் எழுதிவைத்திருக்கிற எடை அட்டவணையில் எண் இறங்கியதா இல்லையா? பத்து வருடமாக அவர் பெல்ட்டுக்கு மேலே சேர்த்து வைத்திருப்பதும் இந்த 'உடுத்திய எடை' என்ற தலைப்பில்தான் வருகிறது. ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை.

அவருடைய துணிச்சலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், பையைக் கடைசியில் வாங்கு என்பார்கள். முதலில் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பாய் இவற்றைச் சிறிதாக்கு. வேண்டாததை வீட்டில் வை. மிஞ்சியதை அளந்து பார்த்து அதற்கேற்ற பையைத் தேடு. ஏனென்றால் இந்த லேசான பைகளில் பல சட்டம் இல்லாதவை. பழைய பையின் முதுகுப் பக்கம் அலுமினியத் தண்டுகள் உண்டு. அவை பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்புப் பட்டையிடம் ஒப்படைக்கும், இடுப்பெலும்பு சுமக்கும். சட்டமில்லாத பைக்கு அந்த வித்தை வராது. 9 கிலோவைத் தாண்டினால் பெரும்பாரமும் தோளிலேயே தொங்கும். அதற்காகச் சிலர் படுக்கிற ஃபோம் பாயையே மடித்து முதுகுப் பக்கம் செருகிச் சட்டமாக்கிக்கொள்கிறார்கள்.

இந்த மாதிரி பயந்தாங்கொள்ளி நிதானமெல்லாம் அண்ணாச்சியிடம் கிடையாது. முதலில் பையை வாங்கினார். இருவர் படுக்கும் பழைய கூடாரத்தை, 2.7 கிலோ, அதற்குள் திணித்தார். "மிச்சத்த மெதுவா மாத்திக்கிடலாம்." மண்டபத்தைப் பிடித்து முன்பணமும் கட்டிவிட்டு அப்புறமாகப் பெண் தேடக் கிளம்புகிற நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்?

இந்த மார்க்கத்துக்கு ஆசாரியர் ஒருவர் உண்டு. ரே ஜார்டின். விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்தவர், பாறையேறுவதில் வல்லவர். மனைவி ஜென்னியோடு பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலை, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை சுமார் 4,260 கி.மீ., ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்தார். 1992-இல் வந்த அவருடைய கையேடுதான் இந்த எடைக்குறைப்பைப் பலருக்கும் கொண்டுபோயிற்று. பெரியவரிடம் ஒரே ஒரு குறை: தன் பையைத் தானே தையல் மெஷினில் தைத்துக்கொண்டார். கடைக்குப் போகிற வழி தெரியாத மனிதர். சீடகோடிகள் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள்.

அவருக்கும் முந்தி ஒரு கிழவி இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒஹையோ மாநிலத்து எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளை பெற்றவள். 1955-இல், 67 வயதில், நடக்கப் போகிறேன் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, ஜார்ஜியாவிலிருந்து மெய்ன்வரை முழுப் பாதையையும் தன்னந்தனியாக 146 நாளில் நடந்து முடித்தாள். ஒரே பருவத்தில் அதைத் தனியாக முடித்த முதல் பெண் என்கிறார்கள். இருந்து என்ன பிரயோசனம்? டெனிம் துணியில் தானே தைத்த ஒரு சாக்குப்பை. அதற்குத் தோள்பட்டைகூட இரண்டு கிடையாது, ஒரு தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வாள். கூடாரம் இல்லை, மழைக்குக் குளியலறைத் திரை. பூட்ஸ் இல்லை, கான்வாஸ் ஷூ. அட்டவணை கிடையாது. பேஸ் வெயிட் என்றால் என்னவென்று தெரியாமலேயே கடாடின் உச்சியில் போய் நின்றாள். அதற்கு முந்தின வருடம் மெய்ன் பக்கத்திலிருந்து தொடங்கி, வழி தவறி, கண்ணாடி உடைந்து நின்றவளை வனக்காவலர்கள் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவைத்தார்கள். அப்போதாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. 1957-இல் மறுபடியும் முழுவதும் நடந்தாள். மூன்றாம் முறை துண்டு துண்டாக நடந்து 1964-இல் முடித்தாள். நல்ல பை ஒன்று வாங்கவும் தோன்றாமல், அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசவும் ஆள் கிடைக்காமல், நடந்து நடந்தே பொழுதைப் போக்கிய பரிதாபமான ஜென்மம்.

போன ஜூலையில் அண்ணாச்சியோடு நடக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. டெலாவேர் வாட்டர் கேப்பிலிருந்து ஹை பாயின்ட்வரை கிட்டடினி மலைமுகட்டிலேயே நாலு நாள், சுமார் 70 கி.மீ. என்று திட்டம். என் பை தையற்கடையிலிருந்து வரவில்லை என்று கேள்விப்பட்டதும் அண்ணாச்சி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தம்முடைய பழைய 2.4 கிலோ பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். "வச்சுக்கோ, இனி எனக்கெதுக்கு?" பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததெல்லாம் எனக்குப் பாட்டாகத்தான் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கோடையில் அந்த முகட்டில் ஓடைகள் வற்றும், தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆளுக்கு 3 லிட்டர், அதாவது 3 கிலோ. நாலு நாள் சாப்பாடு 3 கிலோவுக்கு மேல். கூடாரம் முதலான பேஸ் வெயிட் ஆறே முக்கால். எல்லாம் சேர்ந்து அந்த 600 கிராம் பைக்குள் ஏறியபோது 13 கிலோ ஆயிற்று. சாத்திரப்படி ஆறே முக்கால்தான். தோளுக்குச் சாத்திரம் தெரியாததற்கு அண்ணாச்சி என்ன செய்வார்?

முதல் நாள் ஏற்றம். சன்ஃபிஷ் குளம் என்று பனியாறு குடைந்துவிட்டுப் போன அழகான நீர்நிலை ஒன்று ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை எட்டுவதற்குள் பைப் பட்டை தோளில் கயிறு மாதிரி இறங்கிவிட்டது. துண்டை மடித்து வைத்துப் பார்த்தார். பட்டையைக் கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குளக்கரையில் உட்கார்ந்து, "ஏடே, அந்தப் பழைய பையில சட்டம் இருக்குல்லா? கூடாரத்த கொஞ்ச தூரம் நீ பிடி" என்றார். பிடித்தேன். சற்றுத் தள்ளி ஒரு லிட்டர் தண்ணீர் வந்தது. பிற்பகலில் இரண்டு நாள் சாப்பாடு வந்தது. பாரியாவது தேரை மட்டும் கொடுத்துவிட்டுப் போனான். அண்ணாச்சி பையைக் கொடுத்ததோடு நிற்காமல் அதில் வைக்கவேண்டிய சாமானையும் தவணை முறையில் கொடுத்துக்கொண்டே வந்தார்.

அடுப்பு அவர் கொண்டுவரவில்லை. காலியான கடலைவெண்ணெய் டப்பாவில் நூடுல்ஸைப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, நடக்க நடக்க ஊறவைத்துத் தின்பது இந்த மார்க்கத்தில் ஒரு விரதம். வீட்டில் ஆவி பறக்காத இட்லியைத் தொடாத மனிதர், நம் பாட்டிமார் பழையதைக் கரைத்துக் குடித்ததை ஏழ்மை என்று நினைத்திருந்த மனிதர், அந்தப் பசையை ஸ்பூனால் தோண்டியபோது முகத்தில் தெரிந்த வைராக்கியம் லேசில் வராது. என் அடுப்பில் டீ கொதித்தது. "நீ எப்படியும் போடுத. ரெண்டு டம்ளராப் போட்டா எடை கூடிரவா போகுது?" கணக்கு சரிதான். டம்ளரும் என்னுடையதுதான். மறுநாள் குதிகாலில் கொப்புளம் கண்டபோது பிளாஸ்திரியும், போனில் உயிர் போனபோது பவர் பேங்க்கும் என் பையிலிருந்தே போயின. என்னையும் தம்முடைய சாமான்களில் ஒன்றாகவே அவர் கருதுகிறார் என்று புரிந்து நெகிழ்ந்தேன். அட்டவணையில் மட்டும் என்னைச் சேர்க்கவில்லை.

காலையில் பல் துலக்குவதைப் பார்த்தேன். அறுத்த காம்பைப் பிடித்துத் துலக்கினால் இரண்டு விரல் வாய்க்குள் போய்விடுகிறது. விரலாலேயே துலக்கியிருந்தால் மீதி 9 கிராமும் மிச்சமாகியிருக்கும். அவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் யார்?

இரண்டாம் நாள் மதியம் ஒரு பையனைச் சந்தித்தோம். ஜார்ஜியாவிலிருந்து வருகிறான். அப்போதே 2,000 கி.மீ.க்கு மேல் நடந்திருந்தான். தாடி, நாற்றம், பையில் ஒட்டுத் துணிக்கு மேல் ஒட்டுத் துணி. அண்ணாச்சி அவனை உட்காரவைத்து எடைக்குறைப்பைப் பற்றி நாற்பது நிமிடம் எடுத்துச் சொன்னார். உன் பை என்ன எடை என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை! புறப்படும்போது கனமாக இருந்ததாம். ஸ்பிரிங்கர் மலையிலிருந்து 50 கி.மீ.யில் நீல்ஸ் கேப் என்ற கணவாய் வரும். அங்கே உள்ள கடையில் பையைக் கொட்டிப் பார்த்து வேண்டாததைத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவது நடப்பவர்களிடையே வழக்கம். அவனும் அப்படி ஒரு பெட்டியை அனுப்பினானாம். பை அதே பழைய பைதான். வெறும் தபால் செலவில் இளைத்தவன்! 380 டாலர் போட்டவரின் பக்கத்தில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கொடுத்த கடலைமிட்டாயை வாங்கிக்கொண்டு எழுந்தான். அண்ணாச்சி பையை மாட்டி நிமிர்வதற்குள் திருப்பத்தில் மறைந்துவிட்டான்.

அன்று மாலை, 27-ஆம் கிலோமீட்டரில், பாதையைச் சாலை குறுக்கிடும் இடத்தில் மதினி காரோடு நின்றார்கள். நான் போன் செய்யவில்லை. என் பவர் பேங்க்கில் ஏற்றிய சார்ஜில் அண்ணாச்சிதான் செய்திருக்கிறார். காரில் ஏறுவதற்கு முன் பையோடு ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். முதுகில் அது இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு ஒட்டி, அவ்வளவு தட்டையாக இருந்தது.

"பாத்தியாடே? ரெண்டாம் நாளுக்கெல்லாம் பை போட்ட மாதிரியே இல்ல. இதாம்டே தொழில்நுட்பம்."

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறை எடைக்கருவியில் இரண்டு பையையும் ஏற்றிப் பார்த்தோம். அவருடையது இரண்டே முக்கால் கிலோ. என்னுடையது பத்தொன்பது. அண்ணாச்சி என் தோளைத் தட்டி, "ஒனக்கு இன்னும் நெறய வேலை இருக்குடே" என்றார்.

அக்டோபரில் மறுபடி கிளம்புகிறோம். 410 கிராமில் ஒரு பை வந்திருக்கிறதாம், சொல்லிவைத்துவிட்டார். என் பைக்கும் தடிமனாகப் பஞ்சு வைத்த இடுப்புப் பட்டை ஒன்று தம் செலவில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.